நடுவில் தொங்கிய சிவப்பு கிட்டார்

பிப்ரவரி 6

அன்புள்ள வாலுவுக்கு,

இங்கே நானும் உன் அத்தானும் சுகம். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்புகிறேன். இங்கிருந்து நம்பத்தான் முடியும். பக்கத்தில் இருந்தால் தட்டோடு துரத்தியிருப்பேன்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் மருத்துவமனை இசைக்குழுவில் லீட் கிட்டார் வாசித்தவர் மாற்றலாகிப் போய்விட்டார். பல் டாக்டர்தான் எங்களுக்குப் பாட்டும் தலைமையும் என்று உனக்குத் தெரியுமே, அவர் ஒத்திகை முடிந்ததும் என்னைக் கூப்பிட்டார். "ஆகஸ்ட்ல நகர மண்டபத்துல கச்சேரி. லீட் நீங்க வாசிங்க. ஆனா சொந்தக் கிட்டாரோட வரணும். முன்னாடி வந்து நின்னு வாசிக்கணும். முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்க, நான் வேற ஆளைப் பார்க்கணும்" என்றார்.

பத்து வருஷமாக அவருடைய இரவல் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு, டிரம்ஸுக்குப் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்து தாளத்தை நிரப்பியவள் நான். யோசிக்கவே இல்லை, "முடியும்" என்று சொல்லிவிட்டேன். இது எனக்கு வேண்டும், வாலு. எவ்வளவு வேண்டும் என்று எழுதினால் நீ சிரிப்பாய்.

மருத்துவமனைக்கு எதிரே இருக்கும் இசைக்கருவிக் கடையில் மூன்று செமி ஹாலோ கிட்டார்கள் தொங்குகின்றன. ஒரே கம்பெனி, ஒரே சிவப்பு, இரண்டு பக்கமும் வளைந்து ஓடுகிற அதே துளைகள். ஒன்றுக்கு மட்டும் உடம்பு சற்றுச் சிறிது. கடைக்காரரைக் கேட்டால் "மூணுமே சூப்பர் மேடம்" என்கிறார். விலையும் ஏறக்குறைய ஒன்றுதான். மாடல் எண்களைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். கிட்டார் பட்டறையில் வேலை பார்க்கிற தம்பி எதற்கு இருக்கிறான்? எது என்று சொல்.

போன் செய்யாதே, எழுது. போனில் சொல்வதெல்லாம் காற்றோடு போய்விடும், எனக்குக் காகிதத்தில் வேண்டும். அப்புறம், நடந்து முடிகிற வரைக்கும் யாரிடமும் மூச்சு விடாதே. ஊரெல்லாம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, பிறகு ஒவ்வொருவருக்கும் பதில் சொல்லி ஓய்ந்துபோனவள் நான்.

தபால்காரரை வழிமறிக்கப் போகும்,
அக்கா


பிப்ரவரி 15

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன், சாப்பிடுகிறேன், சில நாள் இரண்டு ஆள் சாப்பாடு. உன் கடிதத்தைப் படித்துவிட்டுப் பட்டறையில் ஒரு குதி குதித்தேன். வார்னிஷ் டப்பா கவிழ்ந்தது. முதலாளி திட்டியதை உனக்கே அனுப்பிவைக்கிறேன், வாங்கிக்கொள்.

உன் மூன்று கிட்டாரும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்தான். ஆனால் குணம் வேறு. செமி ஹாலோ என்றால் பாதி கூடு, பாதி கட்டை. அந்தக் கட்டை எவ்வளவு என்பதில்தான் சங்கதி இருக்கிறது. மூத்தது அகலமான உடம்பு; நடுவில் கழுத்திலிருந்து அடிவரைக்கும் திடமான மரக்கட்டை ஓடும். நடுவுலது வெளியே அச்சு அசல் மூத்ததேதான், ஆனால் கம்பிகளைத் தாங்குகிற பிரிட்ஜுக்கு அடியில் மட்டும்தான் கட்டை, மற்றதெல்லாம் வெற்றுக் கூடு. கடைக்குட்டிக்குச் சின்ன உடம்பு, முழுக் கட்டை.

நடுவுலதை நம்பாதே. வீட்டில் கொஞ்சிக் கொஞ்சிப் பேசும். மேடையில் சத்தம் ஏறியதும் ஸ்பீக்கர் பெட்டியிலிருந்து வருவதைத் தானே வாங்கி நடுங்கி, ஊளையிட ஆரம்பித்துவிடும். கடைக்குட்டி பரவாயில்லை, ஆனால் குரலில் சதை இல்லை. மூத்ததை எடு. பெரிய மண்டபம், முதல் வரிசை, என் அக்கா. மூத்ததுதான்.

எப்போது வாங்கப் போகிறாய் என்று எழுது.

பெருமையில் தலைகால் புரியாத,
தம்பி


பிப்ரவரி 27

அன்புள்ள வாலுவுக்கு,

நாங்கள் நலம். காலை நேரத்தில் மட்டும் எதையும் சாப்பிடப் பிடிக்கவில்லை. வெயில் மாறுகிறது இல்லையா, அதுவாக இருக்கும்.

மூத்தது நல்லது என்கிறாய், சரி. கனம் எப்படி? நின்றுகொண்டு வாசித்தால் அதன் பின்பலகை வயிற்றில் எங்கே வந்து படும்? கீழ் விளிம்பு அழுத்துமா? கடைக்குட்டி சின்னதாக இருப்பதால் பக்கவாட்டில் தள்ளிப் போட்டுக்கொள்ள வசதியாக இருக்கும் இல்லையா? ஒருவேளை ஆகஸ்டுக்குள் நான் கொஞ்சம் பருத்துவிட்டால் என்ன செய்வது? யோசித்துப் பதில் எழுது. பாட்டு எப்படி ஒலிக்கும் என்று மறுபடி பக்கம் பக்கமாக எழுதாதே, அது எனக்குக் காதால் தெரியும்.

வேறு விசேஷம் ஒன்றுமில்லை. என்னை எக்ஸ்ரே அறையிலிருந்து பதிவு மேசைக்கு மாற்றியிருக்கிறார்கள். நானாகக் கேட்டு வாங்கியதுதான். பெரிதுபடுத்தாதே.

உடம்பைப் பார்த்துக்கொள்,
அக்கா


மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்கு ஒரு குறையும் இல்லை. உனக்குத்தான் ஏதோ குறை.

முதலில் எக்ஸ்ரே அறை. நானாகக் கேட்டு வாங்கினேன் என்கிறாய். யார் காதில் பூ சுற்றுகிறாய்? அந்த அறையை விட்டால் எனக்கு மூச்சே வராது என்று சொன்னவள் நீதானே? யாரோடு சண்டை? அந்தப் பெரிய டாக்டரா? பெயரை மட்டும் சொல், மொட்டைக் கடிதம் எழுதுவதில் எனக்குக் கைப்பழக்கம் உண்டு.

இரண்டாவது, காலையில் சாப்பிடவே பிடிக்காதவள் எந்த வழியில் பருமனாவாய்? எனக்கு விளங்கவில்லை.

வயிறு, விளிம்பு, பின்பலகை என்று இத்தனை கேள்வி கேட்டு என்னிடம் கிட்டார் வாங்கினவர்கள் இதுவரை யாரும் கிடையாது. இருந்தாலும் கேட்பது அக்கா ஆயிற்றே. மூத்ததின் அளவிலும் கடைக்குட்டியின் அளவிலும் தடித்த அட்டையில் அச்சு வெட்டி, கனத்துக்கு உள்ளே மரத்துண்டு வைத்து ஒட்டி, பெல்ட்டும் மாட்டிப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். கண்ணாடி முன்னால் மாட்டிக்கொண்டு நின்று பார். நடுவுலதற்கு வெட்டவில்லை, அது வெளியே மூத்ததேதான். தவிர, அதை நீ எடுக்கப் போவதுமில்லை.

நான் இன்னும் மூத்ததில்தான் ஒற்றைக்காலில் நிற்கிறேன்.

விடாக்கண்டன்,
தம்பி


மார்ச் 20

அன்புள்ள வாலுவுக்கு,

பார்சல் வந்தது. கெட்டிக்காரன்தான் நீ. மூத்ததை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று நானே மூன்று பாட்டு வாசித்து முடித்தேன். திரும்பிப் பார்த்தால் லிப்ட் பழுது பார்க்கப் போன உன் அத்தான் கருவிப்பையோடு கதவோரம் நிற்கிறார். "சத்தம் வராதே?" என்று கேட்டார். கேலி செய்யவில்லை, உண்மையாகவே கவலைப்பட்டார்.

சோதனைக்காகச் சட்டைக்குள் ஒரு சின்னத் தலையணையைச் செருகிக்கொண்டும் மாட்டிப் பார்த்தேன். மூத்தது நழுவி ஒரு பக்கமாக ஓடுகிறது. கடைக்குட்டி அடக்கமாக உட்காருகிறது. எனக்கு அதுதான் சரிவரும் போலிருக்கிறது. நீ கத்துவது இங்கே கேட்கிறது.

பல் டாக்டர் நேற்று மறுபடி பிடித்துக்கொண்டார். "மே மாசம் முதல் வாரத்துக்குள்ள கிட்டார் கையில இல்லைன்னா நான் வேற ஏற்பாடு பண்ணிடுவேன், தப்பா நினைக்காதீங்க" என்கிறார். ஏற்கெனவே ஒரு பையனை வரச்சொல்லிக் கேட்டிருக்கிறாராம். வருகிற சனிக்கிழமை கடைக்குப் போகிறோம், வாங்கியதும் எழுதுகிறேன்.

பழங்கள் ஏதாவது வாங்கிச் சாப்பிடு,
அக்கா


ஏப்ரல் 4

அன்புள்ள அக்காவுக்கு,

சனிக்கிழமை ஒன்று போய் இன்னொன்றும் வந்துவிட்டது. கடிதம் இல்லை. எதை வாங்கினாய்? கடைக்குட்டி என்றாலும் கோபப்பட மாட்டேன், கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வேன், அவ்வளவுதான். இரண்டு வரி போடு. உடம்புக்கு ஒன்றுமில்லையே?

தம்பி


ஏப்ரல் 12

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நலமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை, குறையிருந்தால் பொறுத்துக்கொள். உன் அக்காவுக்கு உடம்பு கொஞ்சம் சரியில்லாமல் போயிற்று. டாக்டர் படுத்தே இருக்கச் சொல்லியிருக்கிறார். பயப்பட ஒன்றுமில்லை என்றும் சொல்லியிருக்கிறார். அவள் எழுதுவதற்கு உட்காரக் கூடாது என்பதால் நான் எழுதுகிறேன். வேறு எதுவும் எழுத வேண்டாம் என்று பக்கத்தில் படுத்துக்கொண்டே சொல்கிறாள். எனவே எழுதவில்லை.

அட்டை கிட்டார் பத்திரமாக இருக்கிறது.

உன் அத்தான்


ஏப்ரல் 18

அன்புள்ள அக்காவுக்கு,

அத்தான் கடிதத்தைப் படித்ததும் கையிலிருந்த வேலையைக் கீழே வைத்துவிட்டேன். உன் கடிதங்களை எல்லாம் எடுத்து மேசைமேல் பரப்பி முதலிலிருந்து படித்தேன். எக்ஸ்ரே அறை, காலைச் சாப்பாடு, விளிம்பு, தலையணை. நான் எவ்வளவு பெரிய மடையன் என்று இப்போதுதான் உறைத்தது.

ஒன்றும் கேட்க மாட்டேன். நீயாகச் சொல்கிறபோது சொல், சொல்லாவிட்டாலும் சரி.

மூத்ததை மறந்துவிடு. நான் சொன்னதெல்லாம் தப்பு. கடைக்குட்டியே எடு, அதன் குரல் நன்றாகத்தான் இருக்கும். அதுவும் முடியாவிட்டால் கச்சேரியும் வேண்டாம், பல் டாக்டரும் வேண்டாம். யாரையாவது வைத்து நடத்திக்கொள்ளட்டும். எனக்கு நீ நன்றாக இருந்தால் போதும்.

தினமும் உன்னை நினைத்துக்கொண்டிருக்கும்,
தம்பி


மே 8

என் அருமை வாலுவுக்கு,

நான் எழுந்து உட்கார்ந்து, என் கையாலேயே எழுதுகிறேன். நன்றாக இருக்கிறேன். நாங்கள் மூன்று பேருமே நன்றாக இருக்கிறோம்.

நீ கண்டுபிடித்துவிட்டாய் என்று தெரியும். மூத்ததை விட்டுக்கொடுக்கிற ஆளா நீ? அந்த வரியைப் படித்ததுமே அத்தானிடம், "அவனுக்குத் தெரிஞ்சுபோச்சு" என்றேன். உன்னிடம் ஏன் மறைத்தேன் என்று உனக்கே புரியும். முதல் தடவையும் இரண்டாம் தடவையும் செய்தி தெரிந்த அன்றே எல்லாருக்கும் சொன்னோம். பிறகு இரண்டு தடவையும் ஒவ்வொருவரிடமும், கரு தங்கவில்லை என்று சொன்னோம். அதை மூன்றாவது முறை செய்ய என் வாயில் தெம்பில்லை. போன் செய்யாதே என்றதும் அதற்குத்தான். ஒரு 'ஹலோ'விலேயே நீ பிடித்துவிடுவாய்.

மார்ச் கடைசியில் இதுவும் போய்விடுமோ என்று பயமுறுத்திவிட்டது. படுத்தே கிடந்தேன். உன் அட்டை கிட்டாரை நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டு, கூரையைப் பார்த்தபடி விரல்களை மட்டும் ஓட்டிப் பழகினேன். ஸ்கேனில் எல்லாம் சரி என்றார்கள். ஆனால் எனக்கு உள்ளே ஓர் அசைவும் தெரியவில்லை. "இப்பத் தெரியும், அப்பத் தெரியும், காத்திருங்க" என்றார் டாக்டர். காத்திருப்பது எவ்வளவு கொடுமை என்று உனக்கு எழுத முடியாது. எக்ஸ்ரேயில் பிறர் உடம்புக்குள்ளெல்லாம் பார்த்தவளுக்குத் தன்னுடையது தெரியவில்லை.

நடக்கலாம் என்று டாக்டர் சொன்னதும் நேராகக் கடைக்குத்தான் போனோம். முதலில் மூத்தது. நீ சொன்னது உண்மை, என்ன கம்பீரம்! ஆனால் இடுப்பு உடனே முனக ஆரம்பித்தது. அடுத்து கடைக்குட்டி. சுகமாக உட்கார்ந்தது, சொன்னபடி கேட்டது. இதுதான் என்று முடிவே செய்துவிட்டேன். பில் போடப் போன கடைக்காரர் திரும்பி, "நடுவுல தொங்குறதையும் ஒருதடவை மாட்டிப் பாருங்க மேடம், அப்புறம் மனசு கிடந்து அடிச்சுக்கும்" என்றார். அவர் மனம் கோணக்கூடாதே என்று மாட்டினேன். மூத்ததுபோல் அகலம்தான், ஆனால் உள்ளே வெறும் கூடு என்பதால் கனமே தெரியவில்லை.

தடித்த கம்பியை விரலால் ஒரு தட்டு தட்டினேன். பின்பலகை முழுவதும் வயிற்றின்மேல் அதிர்ந்தது. அந்த அதிர்வு அடங்கும்போது உள்ளேயிருந்து யாரோ பதிலுக்கு ஒரு தட்டு தட்டினார்கள்.

வாயுவாக இருக்கும் என்று நினைத்தேன். மறுபடி தட்டினேன், மறுபடி பதில் வந்தது. கடைக்குட்டியை எடுத்து மாட்டினேன், ஒன்றுமில்லை. மூத்ததை மாட்டினேன், ஒன்றுமில்லை. திரும்பவும் நடுவுலதை மாட்டித் தட்டினேன். ஒரு உதை, வாலு! நிஜமான உதை! அத்தான் கையைப் பிடித்து வயிற்றில் வைத்தேன். "எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்றார், அழுதுகொண்டே. நானும் அழுதேன். கடைக்காரர் பதறிப்போய், "மேடம், சவுண்டு சரியில்லையா?" என்று கேட்டார்.

"சரியா இருக்கு. இதையே கட்டுங்க" என்றேன்.

அன்று மாலையே ஒத்திகைக்குக் கொண்டுபோய்ப் பல் டாக்டர் முன்னால் பெட்டியைத் திறந்தேன். விஷயத்தையும் சொன்னேன். "நின்னு வாசிக்க முடியுமா?" என்றார். "முடியும்னு பிப்ரவரியிலேயே சொல்லிட்டேனே" என்றேன். அந்தப் பையனை இரண்டாம் வரிசையில் போட்டிருக்கிறார்.

நீ நம்பாதே என்று சொன்னதைத்தான் வாங்கியிருக்கிறேன். மேடையில் ஊளையிட்டால் என் மானம் போகும், இடமும் போகும். என்ன செய்வது சொல்.

மகிழ்ச்சியில் நிலைகொள்ளாத,
அக்கா


மே 15

என் அக்காவுக்கு,

கடிதத்தைப் பட்டறையில் எல்லாருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினேன். இப்போது சொல்லலாம் அல்லவா? முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "கிட்டார் தேர்ந்தெடுக்க இப்படியொரு முறை இருக்குன்னு எனக்கு இத்தனை வருஷம் தெரியாமப் போச்சே" என்றார்.

நடுவுலதைப் பற்றி நான் எழுதியதையெல்லாம் கிழித்துப் போடு. வாங்க வேண்டியவர் வாங்கிவிட்டார், நான் யார் மூக்கை நுழைக்க?

ஊளைக்கு வைத்தியம் இருக்கிறது. துளைகளின் வளைவுக்கு அச்சாக ஸ்பாஞ்சு வெட்டி இத்துடன் அனுப்பியிருக்கிறேன், இரண்டிலும் செருகிவிடு. உன் ஸ்பீக்கர் பெட்டிக்கு நேராக நிற்காதே, ஓரமாக, முதுகைச் சற்றுத் திருப்பி நில். பெல்ட்டின் முடிச்சை வலது பக்கம் ஒரு பிடி ஏற்றிக்கொள், கனம் இடுப்புக்குப் போகாது. கச்சேரிக்கு வர முடியவில்லை, அந்த வாரம் பட்டறைக்குக் கண்காட்சி. அடுத்த நிகழ்ச்சிக்கு நிச்சயம் வருவேன், அதன் தேதியைப் பல் டாக்டரிடம் அல்ல, உன்னைப் பார்க்கிற டாக்டரிடம் கேட்டு எழுது.

பாதி மாமா ஆகிவிட்ட,
தம்பி


ஆகஸ்ட் 4

அன்புள்ள மாமாவுக்கு,

நாங்கள் நலம். கால் வீங்கியிருக்கிறது, வாய் மூடவில்லை, சிரிப்பு நிற்கவில்லை. மற்றபடி நலம்.

மண்டபம் நிரம்பியிருந்தது. எட்டாம் மாதத்து வயிற்றோடும் சிவப்பு கிட்டாரோடும் நான் முன்னால் வந்ததும் கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு. "பாவம், உக்காரச் சொல்லுங்கப்பா" என்று முதல் வரிசையில் ஒரு அம்மா சொன்னது எனக்கே கேட்டது. நாற்காலியும் கொண்டுவந்தார்கள். "டிரம்ஸ்காரரோட பையை அதுல வைங்க" என்று சொல்லிவிட்டு நின்றேன்.

ஸ்பாஞ்சு செருகியிருந்தேன், ஸ்பீக்கர் பெட்டிக்கு ஓரமாக நின்றேன், பெல்ட்டை ஒரு பிடி ஏற்றியிருந்தேன். நீ சொன்னதில் ஒன்றுகூடத் தவறவில்லை, ஊளையும் இல்லை. பாட்டுகள் ஒவ்வொன்றாக நல்லபடியாகப் போயின. ஆனால் உள்ளே இருக்கும் ஆள் கப்சிப். தூங்குகிறதா, எனக்குத்தான் தெரியவில்லையா என்று வாசிக்கிற ஒவ்வொரு நிமிடமும் மனம் வயிற்றிலேயே கிடந்தது.

கடைசிப் பாட்டு. அதன் முடிவில் நான் மட்டும் ஒரு சுரத்தைப் பிடித்து நிறுத்த, அது அடங்குகிற இடத்தில் பல் டாக்டர் கடைசி வரியை எடுக்க வேண்டும். எனக்கு என்ன தோன்றியதோ தெரியாது. நடுவில் கிடைத்த இடைவெளியில் இரண்டு ஸ்பாஞ்சையும் உருவிக் கீழே போட்டேன். அந்தச் சுரம் வந்தபோது கம்பியை அழுத்தி மீட்டிவிட்டுப் பெட்டிக்கு நேராகத் திரும்பினேன்.

கிட்டார் நடுங்க ஆரம்பித்தது. நீ பயமுறுத்தியபடியே ஊளை கிளம்பியது. நான் ஓடவில்லை. அரை அடி பின்னால் போனேன், கொஞ்சம் திரும்பினேன், ஊளை தணிந்து அதே சுரமாக வந்து நின்றது. வலது கையை எடுத்துவிட்டேன், வாலு. கம்பியைத் தொடவே இல்லை, சுரம் நிற்கவுமில்லை. மண்டபம் முழுக்க அது ஒன்றுதான் கேட்டது. மரம் அதிர்ந்து, வயிறு அதிர்ந்து, அப்புறம் வந்தது பார் உதை! கிட்டாரே ஒரு துள்ளுத் துள்ளியது. முதல் வரிசை அம்மா அதைப் பார்த்துவிட்டார். "ஐயோ, புள்ள உதைக்குது!" என்று எழுந்து நின்று கைதட்ட ஆரம்பித்தவர் அவர்தான். அவருக்குப் பின்னால் மண்டபமே எழுந்தது. பல் டாக்டர் வாயைத் திறந்துகொண்டு நின்றாரே தவிர, கடைசி வரியைப் பாடவே இல்லை. யாரும் கேட்கவுமில்லை.

பத்து வருஷம் பின்னால் உட்கார்ந்தேன். ஒரு நாள் நின்றேன். போதும் என்று எழுதலாம் என நினைத்தேன், பொய்யாகிவிடும். போதாது. ஜனவரியில் அடுத்த கச்சேரி, அதற்கும் லீட் நான்தான். "குழந்தையைப் பார்த்துக்க ஆள் வேணுமே" என்றார் பல் டாக்டர். மாமா ஒருவன் இருக்கிறான் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

வெற்றியோடு,
அக்கா


செப்டம்பர் 22

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

அன்றைக்குப் போனில் நீ அழுத அழுகையில் நான் சொன்னது பாதி உன் காதில் விழுந்திருக்காது. அதனால் எழுதுகிறேன். பெண் குழந்தை. தாயும் மகளும் நல்ல சுகம். குரல் பெரிய குரல், எங்கள் மாடி முழுவதும் கேட்கிறது.

இன்று தூக்கிவைத்தாலும் அழுகையை நிறுத்தவில்லை, ஆட்டினாலும் நிறுத்தவில்லை. கடைசியில் பெட்டியிலிருந்து கிட்டாரை எடுத்து, தொட்டிலோடு சேர்த்துப் பிடித்து, தடித்த கம்பியை ஒரு தட்டு தட்டினேன். உடனே நிறுத்திவிட்டாள். கண்ணைத் திறந்து, யார் என்று பார்ப்பதுபோல் பார்த்தாள். பிறகு காலை உதைத்தாள். மே மாதம் என் கைக்குத் தெரியாமல் போனது இப்போது கண்ணுக்குத் தெரிந்தது.

உன் அக்கா தூங்குகிறாள், எழுப்ப மனமில்லை. எனக்கு அந்த ஒரு கம்பிதான் தெரியும். இவளோ அடுத்தது எங்கே என்று கேட்பதுபோல் மறுபடி வாயைத் திறக்கிறாள். இதைப் படித்ததும் அடுத்த வண்டியிலேயே கிளம்பி வா.

உன் அத்தான்